ஜெட் ஏர்வேஸ்: கேட்காமலே கொடுத்த விமானம்

வேலூர்ப் பக்கத்து ஆளுக்கு விமானப் பயணத்தில் முதல் பாதி ரோடுதான். அப்துல்லாபுரத்தில் பிரிட்டிஷ் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது, சிறிய ஊர்களையும் விமானத்தால் இணைக்கிற மத்திய அரசின் உடான் திட்டத்தில் சீரமைப்பு வேலையும் நடந்தது. ஆனாலும் நாங்கள் ஏறி இறங்குவது மீனம்பாக்கத்தில்தான். காலை விமானம் என்றால் ராணிப்பேட்டை முத்துக்கடையிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கே கிளம்ப வேண்டும். காவேரிப்பாக்கம் தாண்டியதும் டிரைவருக்குக் கண் செருகாமல் இருக்க நாம் ஏதாவது பேசிக்கொண்டே வர வேண்டும். ரயிலில் போனால் சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து, திரிசூலத்தில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இப்படித் தூக்கம் கெட்டு, சட்டை கசங்கி வந்து நிற்கிற ஆளை ஒரு விமானக் கம்பெனி எப்படி நடத்துகிறது? நான் எடை போடுவது அதை வைத்துத்தான். அந்தக் கணக்கில் எனக்கு இன்றைக்கும் ஜெட் ஏர்வேஸ்தான் முதலில் வரும்.

நான் தோல் கெமிக்கல் லைனில் இருந்தவன். டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, கெமிக்கலை இறக்கிவிட்டுப் பில் போட்டால் வேலை முடிந்துவிடாது. டிரம்மில் போட்டு ஓட்டிக் காட்ட வேண்டும். சாயம் திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறது என்று போன் வந்தால் மறுநாளே போய் நிற்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்றால் பைக்கிலேயே போய்விடலாம். கான்பூர், ஜலந்தர், கொல்கத்தா என்றால் விமானம்தான். எனக்கு அதிகம் வாய்த்தது கொல்கத்தா. டாங்ராவில் இருந்த டேனரிகள் ஒவ்வொன்றாகப் பாண்டாலா தோல் வளாகத்துக்கு இடம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. கோரமண்டல் எக்ஸ்பிரஸில் போனால் ஒரு முழு நாளைத் தாண்டும், விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். 2000களின் தொடக்கத்திலிருந்து ஜெட் நிற்கும் வரை அந்த வழியில் நான் பெரும்பாலும் அதில்தான் போய்வந்தேன்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1953ஆம் வருடச் சட்டத்தால் உள்நாட்டு விமானம் முழுக்க அரசாங்கத்தின் கையில் இருந்தது. தொண்ணூறுகளில் கதவைத் திறந்ததும் ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், நம் சென்னையின் என்ஈபிசி என்று வரிசையாக வந்தார்கள், வந்த வேகத்திலேயே பலர் போனார்கள். நரேஷ் கோயலின் ஜெட், வாடகைக்கு எடுத்த நான்கு போயிங் 737களோடு 1993 மே 5ஆம் தேதி பறக்கத் தொடங்கியது. அந்தக் கூட்டத்தில் காலூன்றி நின்றது அதுதான்.

அப்போது டிக்கெட் என்பது நிஜமாகவே கையில் பிடிக்கிற பொருள். டிராவல்ஸ் பையன் சைக்கிளில் கொண்டுவந்து கொடுப்பான். நீளமான தாள்கள், ஒவ்வொன்றின் பின்பக்கமும் சிவப்புக் கார்பன். புரட்டினால் விரலெல்லாம் சிவக்கும். அதைத் தொலைத்தால் கதை முடிந்தது என்று சட்டையின் உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிவோம். 2008 ஜூனிலிருந்து உலகம் முழுக்க காகித டிக்கெட்டை எடுத்துவிட்டார்கள். நல்லதுதான், அதை யாரும் திரும்பக் கேட்கப்போவதில்லை.

சரி, விமானத்துக்குள் வருவோம். என் பெட்டியில் எப்போதும் இருப்பவை தோல் வெட்டும் கத்தியும் கனம் பார்க்கும் கேஜும். அவை செக்-இன்னில் போய்விடும். கைப்பையில் சாம்பிள் தோல் துண்டுகள். ஃபினிஷிங் ஆகாத கிரஸ்ட் தோலுக்கு ஒரு வாசனை உண்டு. எங்களுக்கு அது சோறு போடுகிற வாசனை, பக்கத்து சீட்டுக்காரருக்கு அப்படியா? ஒருமுறை பின்சீட்டிலிருந்த அம்மாள், மேலே ஏதோ நாறுகிறது என்று சொல்லிவிட்டார். எனக்குக் கூச்சமாகப் போயிற்று. மஞ்சள் கோட்டுப் போட்ட பணிப்பெண் வந்தார், பையை முகர்ந்து பார்த்தார், சிரித்துக்கொண்டே பெரிய பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கொண்டுவந்து பையை அதற்குள் இறக்கி, வாயை முடிச்சுப் போட்டு விமானத்தின் கடைசிக்கு எடுத்துப் போனார். யார் பை என்று உரக்கக் கேட்கவில்லை. இறங்கும்போது வாசலருகே நின்று என் கையில் கொடுத்தார். அந்த அம்மாளிடமும் போய் இப்போது பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறார், எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஏறியதும் தட்டில் மிட்டாய் வரும். எலுமிச்சை ஜூஸ் வரும், முகம் துடைக்க ஈரத்துண்டு வரும். ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பி வந்தவனுக்கு அந்தத் துண்டின் அருமை தெரியும். கழுத்தில் வைத்தால் காஞ்சிபுரம் ரோட்டுத் தூசியெல்லாம் அதில் வந்துவிடும். அப்புறம் சூடான டிபன். இட்லி வடையா, ஆம்லெட்டா என்று கேட்பார்கள். நம் ஊர் ஓட்டல் இட்லிக்கு ஈடென்று சொல்ல மாட்டேன். ஆனால் காலை வெயில் சன்னலில் விழ, சூடாக ஒரு தட்டு, கையில் காபி, மடியில் ஜெட்விங்ஸ் பத்திரிகை. பாண்டாலாவில் இறங்கினால் டிரம் பக்கத்தில் நின்றுகொண்டே சாயங்காலம் ஆகிவிடும், அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்ட ஒரே வேளை அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் நான் ஜெட்டை நினைப்பது சாப்பாட்டுக்காக இல்லை. கொல்கத்தா – சென்னை விமானத்தில் பாதிப்பேர் வேலூருக்கு வருகிறவர்கள்தான் என்றால் கொஞ்சம் மிகை, இருந்தாலும் ஏறிப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிற வங்காளிகள், ஜார்க்கண்ட்காரர்கள், வடகிழக்குக்காரர்கள், எல்லைக்கு அப்பாலிருந்து வருகிற வங்கதேசத்தவர்கள். வேலூர் காந்தி ரோட்டில் பெயர்ப்பலகையெல்லாம் வங்காளியில் இருப்பதும், சந்துக்குச் சந்து மீன்சோற்று மெஸ் இருப்பதும் இவர்களால்தான். விமானத்தில் இவர்களைப் பார்த்ததுமே தெரியும். பெட்டி மேலே போய்விடும், ஆஸ்பத்திரி ஃபைல் மட்டும் நெஞ்சோடு இருக்கும். பலருக்கு அதுதான் முதல் விமானம். நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ வந்திருப்பார்கள்.

ஒருநாள் என் வரிசையில் ஒரு பெரியவரும் அவர் மகனும். நோயாளி பெரியவர்தான், கழுத்தில் மஃப்ளர். மகன் மடியில் பெரிய எக்ஸ்ரே உறை. மேலே வைத்தால் மடங்கிவிடும், கீழே வைத்தால் மிதிபடும் என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். பணிப்பெண் வாங்கிக்கொண்டு போய், முன்பக்கம் கோட்டு மாட்டுகிற அலமாரியில் நிமிர்த்தி வைத்துவிட்டு, எங்கே வைத்திருக்கிறேன் என்று அவனைக் கூட்டிப்போய்க் காட்டினார். பையன் முகத்தில் அப்போதுதான் ரத்த ஓட்டம் வந்தது. டிபன் வண்டி வந்தபோது பெரியவர் கையை ஆட்டி வேண்டாம் என்றார். மகனும் வேண்டாம் என்றான். காசு கேட்பார்கள் என்ற பயம் என்று எனக்குப் புரிந்தது, அந்தப் பெண்ணுக்கும் புரிந்திருக்க வேண்டும். இலவசம் என்றெல்லாம் அறிவிக்கவில்லை. வங்காளியில் ஏதோ தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே மேஜையைப் பிரித்துத் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். பெரியவர் ரொட்டியைப் பிய்த்து மெதுவாகத் தின்றார். வெண்ணெயை மட்டும் தொடவில்லை, உறையோடு மகன் பாக்கெட்டில் வைத்தார். இறங்குகிறபோது சக்கர நாற்காலி வாசலிலேயே தயாராக இருந்தது.

இன்னொரு பயணம் ஆம்பூர் பாய் ஒருவரோடு. எங்கள் நல்ல வாடிக்கையாளர். ரம்ஜான் மாதம், சாயங்கால விமானம், கொல்கத்தாவிலிருந்து திரும்புகிறோம். சென்னை வரும் திசையில் வலப்பக்கச் சன்னலில்தான் மேற்கு. என் கடிகாரத்தில் நோன்பு திறக்கும் நேரம் தாண்டிவிட்டது.

“பாய், ஊர்ல இந்நேரம் கஞ்சி குடிச்சு முடிச்சிருப்பாங்க.”

“ஊர்ல குடிப்பாங்க தம்பி. நமக்கு இங்க சூரியன் தெரியுதே. மறையட்டும், இரு.”

உயரத்தில் பறக்கும்போது சூரியன் கொஞ்சம் தாமதமாகத்தான் மறையும். நோன்பாளிக்குத் தான் இருக்கிற இடத்து அஸ்தமனம்தான் கணக்கு. தட்டுக் கொண்டுவந்த பணியாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். தட்டைத் திரும்ப எடுத்துப்போய்ச் சூடாக வைத்துக்கொண்டார். விமானி அறைக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து, இன்னும் சில நிமிடம்தான் என்றார். வெளியே சிவப்பு அடங்கியதும் இரண்டு தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றார். பாய் சட்டைப்பையிலிருந்து பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்துத் தனக்கொன்று வைத்துக்கொண்டு, அவருக்கும் எனக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் ஆபீசில் யார் டிக்கெட் போட்டாலும் “ஜெட் இருக்கா பாரு” என்பதுதான் முதல் வார்த்தை. 2007இல் சென்னையிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக நியூயார்க்குக்கு ஜெட் விமானம் விட்டபோது, இத்தாலித் தோல் கண்காட்சிக்கு இனி நம்ம கம்பெனி விமானத்திலேயே போகலாம் என்று சொந்தக்காரர் போலப் பேசினார்.

இவ்வளவு புகழ்ந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலூர்க்காரர்களையும் வேலூருக்கு வருகிறவர்களையும் பெருவாரியாக விமானத்தில் ஏற்றியது ஜெட் இல்லை. 2003இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கினார். ஆர்.கே. லக்ஷ்மணின் சாமானிய மனிதர்தான் அதன் சின்னம். ஒரு ரூபாய் டிக்கெட் என்று ஊரெல்லாம் பேச்சு. சீட் நம்பர் கிடையாது, முந்தினவருக்கு இடம். தண்ணீர் வேண்டுமா, காசு கொடு. 2006இல் இண்டிகோ வந்தது. கோரமண்டலில் படுத்தபடி வந்த நோயாளிகள் விமானத்தில் உட்கார்ந்து வர ஆரம்பித்தது இவற்றுக்குப் பிறகுதான். அந்த எக்ஸ்ரே பையனைப் போல இன்னும் ஆயிரம் பேருக்கு ஜெட் டிக்கெட் எட்டாமலே இருந்தது. டெக்கானும் நிலைக்கவில்லை. கிங்ஃபிஷர் கைக்குப் போய், அந்த கிங்ஃபிஷரே 2012இல் நின்றது.

இந்த மலிவு விமானங்களுக்கு ஈடுகொடுக்க ஜெட் செய்ததைத்தான் என்னால் ரசிக்க முடியவில்லை. ஏர் சகாரா விமானக் கம்பெனியை 2007இல் 1,450 கோடி ரூபாய்க்கு வாங்கி ஜெட்லைட் ஆக்கினார்கள், பிறகு ஜெட் கனெக்ட் என்று இன்னொரு மலிவுச் சேவை. ஒரே வீட்டில் மூன்று அடுப்பு. எதில் டிபன் உண்டு, எதில் காசு என்று டிக்கெட் போடும்போதே பார்க்க வேண்டியதாயிற்று. கேட்காமல் கொடுப்பதுதான் ஜெட் என்று இருந்தது, அந்தப் பெயரை அவர்களே மெலிய விட்டார்கள். இன்னொரு பக்கம் எங்களையும் சொல்ல வேண்டும். எனக்கு ஜெட் டிக்கெட் கம்பெனி செலவு. வீட்டோடு டெல்லி போனபோது எது மலிவு என்றுதான் பார்த்தேன். ஜெட்டைப் புகழ்ந்துகொண்டே வேறு விமானத்தில் டிக்கெட் போட்டவர்கள்தான் என் நண்பர்களில் பாதிப்பேர்.

2013இல் அபுதாபியின் எத்திஹாட் விமானக் கம்பெனி 24 சதவீதப் பங்கை வாங்கியபோது இனிப் பிழைத்துக்கொள்ளும் என்றுதான் நினைத்தோம். கடன் விடவில்லை. 2019 தொடக்கத்தில் வாடகை கட்டாத விமானங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நின்றன, விமானிகளுக்குச் சம்பளம் வரவில்லை. கடன் கொடுத்த வங்கிகள் மேற்கொண்டு கைகொடுக்க மறுக்க, ஏப்ரல் 17 ராத்திரி அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் போனதோடு நின்றது. எங்கள் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததும் அதே வருடம்தான், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அப்புறம் ஜலான் – கால்ராக் என்ற முதலீட்டாளர் கூட்டணி வாங்கப்போகிறது, திரும்பப் பறக்கும் என்று சில வருடம் செய்தி வந்துகொண்டிருந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொத்தை விற்றுக் கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், கம்பெனி போனாலும், பறந்ததற்குச் சேர்ந்த புள்ளிகளான மைல் போகவில்லை. அந்த மைல் கணக்கை நடத்திய ஜெட்பிரிவிலேஜ் தனிக் கம்பெனியாக இருந்ததால் தப்பித்து, இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கொல்கத்தாவுக்கு அலைந்து சேர்த்த மைல்களில் வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்கினேன். “இவ்வளவு வருஷம் ராத்திரி ராத்திரி ஓடினதுக்கு இதுதானா?” என்றாள் மனைவி.

இப்போதும் அந்த வழியில் போகிறேன். நேரத்துக்குப் போகிறார்கள், சுத்தமாக இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஒருமுறை மட்டும், பெயர் வேண்டாம், மாத்திரை போட ஏதாவது சாப்பிட வேண்டும் என்று ஒரு பாட்டி கேட்டபோது, முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வண்டி நகர்ந்துவிட்டது. என்னிடம் இருந்த பிஸ்கட்டைக் கொடுத்தேன்.

கொல்கத்தாவிலிருந்து நோயாளியை அழைத்து வருபவர்கள் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று குறித்துவிடுங்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்புவதென்றால் பறக்கலாம் என்று டாக்டரிடம் சான்று வாங்கி, விமானக் கம்பெனிக்கு முன்கூட்டியே காட்டிவிடுங்கள். மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.