வெள்ளை கார் மேல் ஆரஞ்சுப் புள்ளிகள்: அயர்ன் ரிமூவரும் கிளே பாரும் வாங்கலாமா?

வெள்ளை கார் வைத்திருப்பவர்கள் வாட்டர் வாஷ் முடிந்து வந்த வண்டியை ஒரு தடவை கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பானட், மேற்கூரை, டிக்கி மூடி என்று படுக்கையாக இருக்கும் இடங்களில் குட்டி குட்டியாக ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால் இந்த ரிவ்யூ உங்களுக்குத்தான். இரும்புத் துருவைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் ஸ்ப்ரே ஒன்றும், பெயிண்டில் ஒட்டிய தூளை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கிளே பார் ஒன்றும் வாங்கி என் வண்டிக்குப் போட்டேன். இரண்டும் கொடுத்த காசுக்கு முழுசாக வேலை செய்தன. ஆனால் எந்தப் புள்ளிக்கு இது கேட்கும், எதற்குக் கேட்காது என்று தெரிந்துகொண்டு வாங்குவது முக்கியம்.

என் வண்டி நிற்பது மதுரை ஜெய்ஹிந்த்புரத்தில், நாலு வீடு தள்ளி கிரில் பட்டறை. கிரைண்டர் ஓடும்போது பறக்கும் பொறி இருக்கிறதே, அது சூடான இரும்புத் தூள். காற்றில் வந்து பெயிண்டின் மேல் விழுந்து, நிறத்துக்கு மேலே பூசியிருக்கும் கண்ணாடி மாதிரியான கிளியர் கோட்டில் லேசாகப் பதிந்து, ஒரு மழையோ பனியோ பட்டதும் துருப்பிடிக்கிறது. பட்டறைதான் என்றில்லை, ரயில் பாதையை ஒட்டி நிற்கும் வண்டிகளுக்கும் இதே கதிதான், சக்கரமும் தண்டவாளமும் உரசித் தேயும் தூள் அப்படி வந்து விழும். பசுமலை, திருப்பரங்குன்றம் பக்கம் லைன் ஓரம் வண்டி நிறுத்துபவர்கள் கவனிக்கலாம். பிரேக் தூளும் உண்டு, அது அதிகம் ரிம்மிலும் கதவின் கீழ்ப்பக்கமும் ஒட்டும். கறுப்பு வண்டியிலும் இதெல்லாம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் காட்டிய ஒரு கடையில் பானட்டும் ரூஃபும் மொத்தமாகத் தேய்த்து பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. பழங்காநத்தம் பக்கம் பெயிண்ட் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நகத்தால் புள்ளியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, இது உன் வண்டித் தகரத்துல இருந்து வரல, மேல வந்து ஒட்டுன துரு. இதுக்குப் போயி கம்பெனி பெயிண்டை எடுக்காத" என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கம்பெனியில் பெயிண்டை 140 டிகிரி அளவில் சுட்டு எடுக்கிறார்கள், வெளிப் பட்டறைகளில் பெயிண்டைச் சுடும் அறை (பூத்) இருந்தாலும் 60 டிகிரி பக்கம்தான், அந்த உறுதி திரும்ப வராது. வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லி அனுப்பும் ஆள் கிடைப்பது பெரிய விஷயம், அவருக்கு என் நன்றி.

கண்டுபிடிப்பது சுலபம். வண்டியைக் கழுவிக் காயவைத்து, கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெயிண்ட் மேல் தடவுங்கள். பளபளப்பாக இருக்க வேண்டிய இடம் சொரசொரவென்று தட்டுப்பட்டு, புள்ளியைச் சுற்றி பெயிண்ட் உடையாமல் இருந்தால் அது மேலே ஒட்டியது. புள்ளியின் நடுவில் பள்ளம் இருந்தாலோ, ஓரத்தில் பெயிண்ட் உப்பியிருந்தாலோ அது தகரத்தில் பிடித்த துரு, அதற்கு வேறு வைத்தியம், கீழே சொல்கிறேன்.

இப்போது ஸ்ப்ரே. பாட்டிலில் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும், இரும்பில் பட்டதும் ஊதா நிறமாக மாறி வழிகிறது. முதல் தடவை பார்க்கும்போது பெயிண்டே கரைகிறதோ என்று பக்கென்று இருக்கும், கவலை வேண்டாம். தயோகிளைகோலேட் என்ற ரசாயனம் துருவில் உள்ள இரும்போடு சேர்ந்து நீரில் கரையும் ஊதாப் பொருளாக மாறுகிறது, தண்ணீர் அடித்தால் அதோடு போய்விடும். முடி நீக்கும் க்ரீம்களிலும் இதே குடும்பத்து ரசாயனம்தான், அதனால் அதே அழுகிய முட்டை வாடை. காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், வெறும் கையில் பட்டால் சோப்பு போட்டாலும் வாடை சீக்கிரம் போகாது.

நம்ம ஊர் வெயிலில் ஒரு விஷயத்தில் ரொம்ப உஷார் வேண்டும். இது பெயிண்ட் மேல் காயவே கூடாது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னாலோ சாயங்காலம் பானட் ஆறிய பிறகோ, நிழலில், ஒவ்வொரு பானலாக அடித்து, மூன்று நாலு நிமிஷம் விட்டு, நிறைய தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவின கையோடு மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் துரு போய் உப்புக் கறை வந்து உட்காரும்.

ஸ்ப்ரேயில் என் வண்டியில் பெரும்பாலான புள்ளிகள் போய்விட்டன. ஆழமாகப் பதிந்தவை மட்டும் மங்கலாக நின்றன, அதற்குத்தான் கிளே பார். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து தட்டையாக்கி, ஷாம்பு கலந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னுமாக இழுக்க வேண்டும். முதலில் பிடித்து இழுப்பது கையில் தெரியும், தூள் வந்ததும் சறுக்க ஆரம்பிக்கும், அந்த மாற்றம்தான் அடையாளம். அழுக்குப் பக்கத்தை அடிக்கடி உள்ளே மடித்துப் புதுப் பக்கம் எடுங்கள். கீழே விழுந்தால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான், ஒட்டிய மணல் பெயிண்டை உழுதுவிடும். கிளே போட்டால் ஏற்கெனவே இருந்த வாக்ஸும் போய்விடும், அதனால் அன்றைக்கே புதுசாக வாக்ஸ் போட்டுவிடுங்கள். மொத்தத்தில் ஸ்ப்ரேயைவிட இதில்தான் நேரம் அதிகம், தோளும் வலிக்கும், ஆனால் முடித்துவிட்டு பானட் மேல் கையை வைத்தபோது கிடைத்த வழவழப்பு புது வண்டியில் இருந்ததுதான்.

சரி, தகரத்துத் துரு. நாலு வழிச்சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போனால் கல் தெறித்து பானட் முனையில் பெயிண்ட் பெயரும், அங்கே துரு பிடிக்கும். எங்கள் வண்டியிலும் அப்படி ஒரு இடம் இருந்தது, அதில் அயர்ன் ரிமூவர் மேலாகக் கொஞ்சம் நிறம் மாற்றியதோடு சரி. அங்கே சுற்றிலும் டேப் ஒட்டி, 400 நம்பர் உப்புத்தாளைச் சின்னதாகச் சுருட்டி, பளிச்சென்ற தகரம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிக்குள் மீதி இருந்தால் பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் கன்வெர்ட்டரை ஒரு சொட்டு வைத்தால் துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றி நிறுத்தும். அது காய்ந்த பிறகு பிரைமர், அப்புறம் பல் குத்தும் குச்சி நுனியால் மெல்லிசாக இரண்டு மூன்று தடவை டச்சப் பெயிண்ட், கடைசியில் கிளியர். நிறத்தின் குறியீட்டு எண் வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும், அதைச் சொல்லி வாங்குங்கள். சாதா வெள்ளை நன்றாகப் பொருந்தும், பேர்ல், மெட்டாலிக் என்றால் கிட்டத்தில் பார்க்கும்போது தெரியத்தான் செய்யும். உப்பல் ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிசு என்றால் டிங்கரிடமே கொடுத்துவிடுவது நல்லது, உள்ளே எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து அடித்தால் போகும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், இடுக்கில் தங்கினால் தகரத்தையே தின்னும். எடுத்தவுடன் பெயிண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ரப்பிங் காம்பவுண்ட் போடுவதும் வேண்டாம். கிளியர் கோட்டின் கனமே சுமார் 40, 50 மைக்ரான்தான், ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் தேய்கிறது, பதிந்த இரும்புத் தூளும் தேய்க்கும் பேடில் சிக்கி வட்ட வட்டமாகக் கீறல் போடும். பைக் சைலன்சர் க்ரோமில் லேசான துரு என்றால் இந்த ஸ்ப்ரேகூடத் தேவையில்லை, அலுமினியம் ஃபாயிலைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும்.

வாங்கும்போது அமிலம் இல்லாதது, பெயிண்டுக்கும் ஆகும் என்று பாட்டிலில் போட்டிருக்கிறதா பாருங்கள். ரிம்முக்கு மட்டும் என்று வரும் சில வீல் கிளீனர்களில் அமிலம் இருக்கும், அவை வேண்டாம். கிளேயில் ஃபைன் கிரேடு கேளுங்கள், முரட்டு கிரேடு பெயிண்டை மங்கவைக்கும், பிறகு பாலிஷ் செலவு தனி. வண்டி முழுக்கப் புள்ளி இருப்பவர்கள் அரை லிட்டராவது வாங்கிக்கொள்ளுங்கள், கதவுகளுக்கு வரும்போது பாட்டில் காலியாகிவிட்டால் எரிச்சலாக இருக்கும்.