சிங்கப்பூர் ரயிலும் பஸ்ஸும்: வேன் இல்லாமல் ஊர் சுற்ற முடியுமா?

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து சிங்கப்பூர் போகிற குடும்பங்கள் பெரும்பாலும் பேக்கேஜில்தான் போகின்றன. காலையில் ஓட்டல் வாசலில் வேன் நிற்கும். ஏறினால் இறக்கிவிடுவார்கள், இறங்கினால் மணி பார்த்துக் கூப்பிடுவார்கள். அந்த வேனுக்குப் பதிலாக ஊர்க்காரர்கள் போகிற எம்.ஆர்.டி. என்கிற நகர ரயிலையும் பஸ்ஸையும் நம்பலாமா என்பதே இங்கே கேள்வி. தாராளமாக நம்பலாம். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசுகிறவருக்கும் ஒத்துவரும். சிக்கல் வந்தால் பெரும்பாலும் நம் பர்ஸில் இருக்கும் கார்டால்தான் வரும். அதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சரிசெய்துவிடலாம்.

அங்கே டிக்கெட் கவுன்ட்டரில் நின்று "சைனாடவுன் நாலு" என்று கேட்டு வாங்க முடியாது. ஒரு தடவைக்கான டிக்கெட்டை நிறுத்தியே சில வருடங்கள் ஆகின்றன. உள்ளே போகும்போது கேட்டில் கார்டை வைக்க வேண்டும், வெளியே வரும்போது அதே கார்டை வைக்க வேண்டும். தூரத்துக்குத் தகுந்த காசு தானாகக் கழியும். பெரியவர்களுக்கு ஒரு பயணம் ஏறக்குறைய ஒன்றேகால் சிங்கப்பூர் டாலரிலிருந்து இரண்டரை டாலர் வரை ஆகும். 90 செ.மீ. உயரத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் கட்டணம் இல்லை.

கார்டுக்கு இரண்டு வழி. வை-ஃபை போன்ற வளைகோடு போட்ட விசா அல்லது மாஸ்டர்கார்டு கையில் இருந்தால் அதையே நேராக வைக்கலாம். ஆனால் 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதுக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் தட்டிப் பணம் கட்டும் வசதியும் மூடியே வரும். நாம்தான் திறக்க வேண்டும். வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குப் போனால் 'இன்டர்நேஷனல்', 'கான்டாக்ட்லெஸ்' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டையும் போட வேண்டும். பலர் முதலாவதை மட்டும் போட்டுவிட்டுப் போய், சாங்கி விமான நிலைய ஸ்டேஷனில் கேட் திறக்காமல் நிற்கிறார்கள். அங்கிருந்து ஆப்பைத் திறந்தால் ஓ.டி.பி. வரும், அந்த எஸ்.எம்.எஸ். வர நம் சிம்மில் ரோமிங் இருக்க வேண்டும். இடியாப்பச் சிக்கல்தான். கிளம்புவதற்கு முந்தின நாள், ஊரில் ஏதாவது பெட்ரோல் பங்க்கிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டால் அந்தப் பொத்தான் வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அடுத்த தப்பு, ஒரே கார்டில் குடும்பம் முழுக்க உள்ளே போகப் பார்ப்பது. ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். அப்பா தட்டி உள்ளே போனபின் அதே கார்டை அம்மா வாங்கித் தட்டினால், இந்தக் கார்டுக்காரர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்றே மெஷின் கணக்கு வைத்திருக்கும். போனில் இருக்கும் கார்டும் கையில் இருக்கும் பிளாஸ்டிக் கார்டும் ஒரே கணக்காக இருந்தாலும் மெஷினுக்கு அவை வேறு வேறு. எதில் நுழைந்தீர்களோ அதிலேயே வெளியே வர வேண்டும். நாலு கார்டு வைத்த பர்ஸை அப்படியே மெஷின் மேல் அழுத்தவும் கூடாது, எது கழிகிறது என்று தெரியாது.

கார்டு இல்லாத பெரியவர்களுக்கு ஸ்டேஷனிலேயே ஈஸி-லிங்க் கார்டு கிடைக்கும். 10 டாலர் கொடுத்தால் 5 டாலர் கார்டு விலை, அது திரும்ப வராது. மீதி 5 டாலர் பயணத்துக்கு. வெளிநாட்டு வங்கிக் கார்டுக்கோ பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 சென்ட் தனிக் கட்டணம் பிடிப்பார்கள். கணக்குப் போட்டால் எட்டு நாள்வரை வங்கிக் கார்டு லாபம் (எட்டு நாளுக்கு 4.80 டாலர்), ஒன்பதாம் நாளிலிருந்து ஈஸி-லிங்க் லாபம். நம் வங்கி பிடிக்கிற அந்நியச் செலாவணிக் கட்டணம் இதில் சேரவில்லை. அது வங்கிக்கு வங்கி மாறும். வங்கிக் கார்டில் இன்னொரு குறையும் உண்டு. எவ்வளவு கழிந்தது என்பது கேட்டில் தெரியாது, பிறகு ஸ்டேட்மென்ட்டில்தான் பார்க்க வேண்டும். ஈஸி-லிங்க்கில் மீதியைக் கேட்டிலேயே காட்டும் வகை உண்டு, வாங்கும்போது விசாரித்துக்கொள்ளுங்கள். காசுக்குக் காசு கணக்குப் பார்க்கிற தாத்தாவுக்கு அந்த வகையே நிம்மதி.

ஒரே கட்டணத்தில் நாள் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம் என்று டூரிஸ்ட் பாஸ் ஒன்று விற்கிறார்கள். ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் அது கட்டுபடியாகும். குழந்தை குட்டியோடு போகிறவர்கள் நாளுக்கு நாலு தடவைக்கு மேல் ஏறுவதில்லை.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் முதல் பயணத்தில்தான் குழப்பம் அதிகம். ரயில் நிலையம் 2, 3-ஆம் முனையங்களின் அடியில் இருக்கிறது. நான்காம் முனையத்தில் இறங்குகிறவர்கள் முதலில் இலவசப் பஸ்ஸில் மற்ற முனையத்துக்கு வர வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் தங்குவது லிட்டில் இந்தியாவில். அங்கே போக இரண்டு பாதை.

முதல் பாதை: அடுத்த ஸ்டேஷனான எக்ஸ்போவில் இறங்கி நீல நிற டவுன்டவுன் லைனுக்கு மாறி, புக்கிட் பாஞ்சாங் போகும் ரயிலில் உட்கார்ந்தால் நேராக லிட்டில் இந்தியா. ஒரே ஒரு மாற்றம். பெட்டி நிறைய இருப்பவர்களுக்கு இதுவே சுகம். ஆனால் ரயில் பாதைப் படத்தைக் கவனித்துப் பாருங்கள். ரயில் ஜாலான் புசாருக்கு வந்துவிடும், அது லிட்டில் இந்தியாவிலிருந்து நடை தூரம்தான். அங்கிருந்து நேரே போகாமல் சைனாடவுன், பேஃபிரன்ட், பூகிஸ் என்று தெற்கே ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, பத்து ஸ்டேஷன் கழித்தே லிட்டில் இந்தியா வரும். வழி தப்பிவிட்டது என்று நடுவில் இறங்கிவிட வேண்டாம், லைனே அப்படித்தான். ஓட்டல் ஜாலான் புசார் பக்கம் என்றால் அங்கேயே இறங்கிவிடலாம், சுற்று மிச்சம்.

இரண்டாவது பாதை: எக்ஸ்போவுக்கு அடுத்த தானா மேராவில் இறங்கி, பச்சை லைனில் எட்டாவது ஸ்டேஷனான பூகிஸ் வரை போய், அங்கே நீல லைனுக்கு மாறினால் இரண்டாவது ஸ்டேஷன் லிட்டில் இந்தியா. ஸ்டேஷன் எண்ணிக்கை பாதிதான், ஆனால் இரண்டு மாற்றம். முதுகுப் பையோடு மட்டும் போகிறவர்களுக்கு இது. எந்தப் பாதையானாலும் ஸ்டேஷன் பெயரைவிட அதன் குறியீட்டைப் பிடித்துக்கொள்வது மேல். லிட்டில் இந்தியா நீல லைனில் டிடி12, ஊதா லைனில் என்இ7. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் திசை தெரிந்துவிடும். எச்சரிக்கைப் பலகைகள் பலவற்றில் தமிழும் உண்டு, அது ஒரு தெம்பு.

வெளியே வரும் வழிகளுக்கு ஆங்கில எழுத்து வைத்திருக்கிறார்கள். லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் தேக்கா சந்தைக்குப் போக 'சி' வழி. தப்பான வழியில் ஏறினால் வெயிலில் சாலையைச் சுற்றி வர வேண்டியிருக்கும். அதனால் கேட்டுக்கு வெளியே ஒட்டியிருக்கும் வரைபடத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தேக்காவில் கடைக்காரர் "அஞ்சு வெள்ளி" என்றால் ஐந்து டாலர்; அங்கே தமிழில் டாலர் வெள்ளி, சென்ட் காசு.

லிட்டில் இந்தியாவில் தங்கினால் முக்கிய இடங்களுக்கு மாறவே வேண்டாம். நீல லைனில் நாலாவது ஸ்டேஷன் பேஃபிரன்ட், மெரினா பே சாண்ட்ஸ் கட்டடம் அதன் தலைக்கு மேல். ஊதா லைனில் கடைசி ஸ்டேஷனான ஹார்பர்ஃபிரன்ட்டில் இறங்கினால் எதிரே செந்தோசாத் தீவு. மிருகக்காட்சிச் சாலை மட்டும் ரயில் தொடாத இடம். சிவப்பு லைனில் காத்திப் வரை போய் அங்கிருந்து அது இருக்கும் மண்டாய்க்கு விடும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அரை நாள் ஒதுக்குங்கள். உறவினர்கள் எழுதிக் கொடுக்கும் பழைய பட்டியலில் ஜூரோங் பறவைப் பூங்கா இருந்தால் அடித்துவிடுங்கள். 2023 ஜனவரியில் அதை மூடி, அதே ஆண்டு மே மாதம் மண்டாயிலேயே புதிதாகத் திறந்துவிட்டார்கள்.

பஸ் விஷயத்தில் நம் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். கண்டக்டர் கிடையாது, "எங்க இறங்கணும்" என்று கேட்க ஆள் இல்லை. நிறுத்தத்தில் நின்றாலும் கையைக் காட்டாவிட்டால் பஸ் போய்க்கொண்டே இருக்கும். முன் கதவில் ஏறிக் கார்டைத் தட்ட வேண்டும், இறங்கும் நிறுத்தம் நெருங்கும்போது மணியை அழுத்த வேண்டும், பின் கதவில் இறங்கும்போது மறக்காமல் மறுபடி தட்ட வேண்டும். மறந்தால் அந்த பஸ் கடைசி வரை போகும் தூரத்துக்கான காசைப் பிடித்துவிடும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் அவசரத்தில் நம்மவர்கள் மறப்பது இங்கேதான். பணமாகக் கொடுத்தால் மீதிச் சில்லறை தரமாட்டார்கள். 45 நிமிடத்துக்குள் ரயிலிலிருந்து பஸ்ஸுக்கோ பஸ்ஸிலிருந்து இன்னொரு பஸ்ஸுக்கோ மாறினால் ஒரே பயணமாகக் கணக்கிடுவார்கள். அதற்கும் அதே கார்டே வேண்டும்.

குறை என்று சொன்னால் நடைதான். லைன் மாறுகிற பெரிய ஸ்டேஷன்களில் சுரங்கத்துக்குள் நடந்து மாளாது. முழங்கால் வலி உள்ளவர்கள் லிஃப்ட் பலகையைத் தேடிப் போகவும்; எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் உண்டு, ஆனால் அது ஒரு ஓரத்தில் இருக்கும். எஸ்கலேட்டரில் இடப்பக்கம் நிற்க வேண்டும், வலப்பக்கம் அவசரக்காரர்களுக்கு. காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரையும் மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரையும் பெட்டியோடு ஏறாமல் இருந்தால் நல்லது.

ரயிலுக்குள் தின்னவோ குடிக்கவோ கூடாது, தண்ணீர்கூட. அபராதம் 500 டாலர் வரை. புளிசாதப் பொட்டலத்தை ஸ்டேஷனுக்கு வெளியே பிரியுங்கள். குட்கா, மெல்லும் புகையிலை, சூயிங்கம் எதையும் அந்த நாட்டுக்குள்ளேயே கொண்டுபோகக் கூடாது. சிகரெட்டுக்கு ஒரு பாக்கெட்கூட வரிவிலக்கு இல்லை. உறவுக்காரர்களுக்குக் கிருஷ்ணகிரி மாங்கூழ் டின் கொண்டுபோகிறவர்கள் அதைச் செக்-இன் பெட்டியில் வைக்கவும்; கைப்பையில் இருந்தால் பெங்களூரிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள்.

இரண்டு காகித வேலைகள். விசா பெரும்பாலும் ஏஜென்ட் வழியாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் எஸ்.ஜி. வருகை அட்டையை நீங்களே, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில் இலவசமாகப் பதியலாம். அதற்குக் காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை.

திரும்பும் நாளில் ரயிலை நம்பக் கூடாத நேரம் ஒன்று உண்டு. ரயில் ஓடத் தொடங்குவது காலை ஐந்தரை வாக்கில். அதைப் பிடித்து மாறிச் சாங்கி போய்ச் சேர ஆறரை, ஆறேமுக்கால் ஆகிவிடும். எட்டரை மணிக்கு முன் கிளம்பும் விமானம் என்றால் முதல் நாள் இரவே டாக்சி சொல்லிவிடுங்கள். நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை மீட்டரில் பாதித் தொகை கூடுதலாக ஏறும், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு வெள்ளியை மிச்சம் பிடியுங்கள்.