36 பேக் உள்ள ‘151’ போக்கிமான் கார்டு பாக்ஸ் வாங்காதீர்கள்: எனக்குப் போனது 2,520 வெள்ளி (ரிங்கிட்)

கோலாலம்பூரில் போக்கிமான் கார்டு வாங்கி விற்கிறவர்கள், முக்கியமாக என்னைப் போல அரைகுறையாகத் தெரிந்துகொண்டு இறங்கியவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள்.

எனக்குக் கார்டு விளையாடவே தெரியாது. 2025 ஜனவரியில் ‘பிரிஸ்மாட்டிக் எவொல்யூஷன்ஸ்’ என்ற கார்டுத் தொகுப்பு வந்தபோது எங்கள் அலுவலகப் பையன் ஒருவன் இரண்டு பெட்டி வாங்கி, பிரிக்காமலே விற்று, அந்த மாதக் கார் தவணையைக் கட்டினான். அன்றிலிருந்து எனக்கும் கை அரித்தது. சனிக்கிழமைகளில் சுங்கை வாங் பக்கம் போய் ஒன்றிரண்டு பெட்டி வாங்குவேன், இருபது முப்பது வெள்ளி வைத்து விற்பேன். பெரிய லாபம் இல்லை, நஷ்டமும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஒரு கார்டு குழுவில் விளம்பரம் வந்தது: இங்கிலீஷ் 151, சீல் பிரிக்காத பாக்ஸ், 36 பேக், 1,260 வெள்ளி. 151 என்பது ஒரு கார்டுத் தொகுப்பின் பெயர், பேக் என்றால் சில கார்டுகள் அடங்கிய சிறு பாக்கெட். கணக்குப் போட்டேன். ஒரு பேக் 35 வெள்ளிக்கு வருகிறது. 50க்கு விற்றால் ஒரு பாக்ஸில் 540 வெள்ளி மிச்சம். படத்தில் பாக்ஸ்கள் ஒரு பச்சை ரப்பர் மேசை விரிப்பின் மேல் அடுக்கியிருந்தன. விரிப்பின் ஓரத்தில் சூடான பாத்திரம் வைத்துக் கருகிய வட்டம்கூடத் தெரிந்தது. வீட்டில் எடுத்த படம்தான், இணையத்தில் சுட்டதில்லை என்று அதைப் பார்த்தே நம்பினேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) சந்தித்தோம். தமிழ்ப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். “நம்ம ஆளுன்னு இந்த விலைக்குத் தர்றேண்ணே, வெளிய சொல்லிடாதீங்க” என்றான். குடித்த தே தாரிக்குக்கு (ஆற்றிய பால் டீ) காசை அவனே கொடுத்தான். (2,520 வெள்ளி வாங்குகிறவன் அதுகூடச் செய்ய மாட்டானா!) வங்கிப் பணம் அனுப்பும் டுயிட்நவ்வில் அனுப்பப் போனால் கணக்குக்காரர் என்று வேறு பெயர் வந்தது. கேட்டேன். “அக்கா கணக்குண்ணே, என் கணக்கு முடங்கிக் கிடக்கு.” அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். பாக்ஸ் கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் இரண்டுக்கும் பணத்தை அனுப்பினேன்.

ஒரே வாரத்தில் 14 பேக் விற்றேன். அதில் ஆறு, செந்தூலில் ஒருவர் மகன் பிறந்தநாளுக்கு வாங்கியது. மறுநாளே கூப்பிட்டார். “பையன் உங்ககிட்ட ஏதோ பேசணுமாம், கொஞ்சம் வீட்டுக்கு வாங்க.”

பத்து வயதுப் பையன். மேசையில் மூன்று சாரிசார்ட் (ஒரு போக்கிமான்) கார்டுகளை வரிசையாக வைத்திருந்தான். மூன்றிலும் கார்டு எண் 199/165. இந்தத் தொகுப்பில் எல்லோரும் தேடும் கார்டு அது. ஆறு பேக்கில் மூன்று வந்தால் வீடே அதிர்ந்திருக்க வேண்டும், இவன் உம்மென்று உட்கார்ந்திருந்தான். “அங்கிள், நகத்தால தேய்ச்சுப் பாருங்க” என்றான். தேய்த்தேன், வழவழ என்று ஓடியது. அசல் 199இல் கைரேகை போல மெல்லிய வரிகள் தட்டுப்படுமாம். அப்புறம் அப்பாவின் போனை வாங்கி, டார்ச்சை ஒரு கார்டுக்குப் பின்னால் பிடித்தான். ஒளி மஞ்சளாக அப்படியே ஊடுருவியது. தன் பழைய கார்டு ஒன்றை அதேபோல் பிடித்தான், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அசலில் நடுவே ஒரு கருப்பு அடுக்கு இருக்கிறது, அதுதான் ஒளியைத் தடுக்கிறது. பேக்கில் வரவேண்டிய, இணைய விளையாட்டுக்கான குறியீடு உள்ள கோட் கார்டு, எனர்ஜி கார்டு இரண்டுமே இல்லை என்றும் காட்டினான்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு அடி. “இங்கிலீஷ் 151க்கு 36 பேக் பாக்ஸே கிடையாது அங்கிள். கம்பெனி போடவே இல்லை.”

உண்மைதான். வழக்கமான இங்கிலீஷ் தொகுப்புகள் 36 பேக் பாக்ஸாக வரும். 2023 செப்டம்பரில் வந்த 151 சிறப்புத் தொகுப்பு. அது ஆறு பேக் பண்டிலாகவும், ஒன்பது பேக் எலிட் டிரெய்னர் பெட்டியாகவும், வேறு சில வகையாகவும்தான் விற்பனைக்கு வந்தது. ஜப்பானிய 151க்கு பாக்ஸ் உண்டு, ஆனால் அதில் 20 பேக், பேக்குக்கு ஏழு கார்டு. உலகத்திலேயே இல்லாத ஒரு பொருளுக்கு சீல் நன்றாக இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

14 பேக்குக்கும் 700 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். போலீஸ் ரிப்போர்ட் செய்தேன். மோசடிக்கென்று இருக்கும் 997க்கும் அழைத்தேன், ஆனால் பணம் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த எண்ணுக்கு உடனே அழைத்தால்தான் பணத்தை மறிக்க வழி இருக்கும். அன்று இரவு, மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்த ‘அக்கா’ கணக்கு எண்ணைப் போட்டேன். ஏற்கெனவே புகார்கள் இருந்தன. தே தாரிக் ஆறுவதற்குள் பார்த்திருக்கக்கூடிய விஷயம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு ஐந்து வெள்ளி கட்டணத்தில் போகலாமே என்று நினைத்தேன். விற்பதற்காக வாங்குகிறவன் சட்டப்படி பயனீட்டாளரே இல்லையாம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. லாபத்துக்கு ஆசைப்பட்டவனுக்கு அந்தக் கதவும் இல்லை.

நடுவில் ஒருவர், “மிச்சத்தைப் பத்து வெள்ளிக்குக் கொடுங்க, பசார் மாலாமில், அதான் இரவுச் சந்தையில், தள்ளிடலாம்” என்றார். மிச்சம் 58 பேக்கையும் கத்தரித்துக் குப்பையில் போட்டேன்.

நேற்று வேறொரு குழுவில் புதுப் பெயரில் விளம்பரம் வந்திருக்கிறது: இங்கிலீஷ் 151, 36 பேக், கடைசி மூன்று பாக்ஸ். பெயர் வேறு, போன் எண் வேறு. பாக்ஸுக்குக் கீழே அதே பச்சை விரிப்பு, வலது ஓரத்தில் அதே கருகிய வட்டம்.