பார்க்கின்சன் நோயாளியின் இரவுத் தூக்கம்: பல ஆண்டுப் பயன்பாட்டில் எங்களுக்கு உதவியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களோடு வசிக்கும் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் கண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. கை நடுக்கத்தைவிட அவரையும் அம்மாவையும் அதிகம் வாட்டியது தூக்கமின்மைதான். அதற்காக நாங்கள் பயன்படுத்திய மருந்துகளையும் பொருள்களையும் பற்றி, இதே நிலையில் உள்ள குடும்பங்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். எங்கள் அனுபவத்தில், “தூங்க முடியவில்லை” என்று மருத்துவரிடம் பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. எந்த நேரத்தில், எதனால் விழிப்பு வருகிறது என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கிடைக்கும். அம்மா அதை நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் குறித்து வந்தார். ஈப்போவில் அப்பாவைப் பார்க்கும் நரம்பியல் நிபுணர், மாத்திரைகளை மாற்றியதெல்லாம் அந்தக் குறிப்புகளைப் படித்த பிறகுதான்.

அப்பா இளமையில் பால்மரம் சீவியவர். விடியற்காலைக் கனவில் அவருடைய வலது கை, கத்தி பிடித்ததுபோல் மடங்கிக் கீழ்நோக்கி இழுக்கும். சில நாள்களில் காட்டுப்பன்றியை விரட்டுவதாகக் கத்திக்கொண்டே, விரல் முட்டியில் தோல் உரியும் அளவுக்குச் சுவரைக் குத்துவார். உறவினர் சிலர் இதைக் காற்றுக் கருப்பு என்று சொல்லி மந்திரிக்கச் சொன்னார்கள். கனவு காணும் தூக்கத்தில் தசைகளை அசையாமல் வைத்திருக்க வேண்டிய மூளைத்தண்டின் கட்டுப்பாடு தளர்ந்துவிடுவதே இதற்குக் காரணம். அமெரிக்க மருத்துவர்கள் 1986இல் இதைத் தனிக் கோளாறாக விவரித்தார்கள். நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இது வரக்கூடும் என்று நிபுணர் சொன்னபோது, தோட்டத்து வீட்டில் இருந்த காலத்திலேயே அப்பா தூக்கத்தில் கத்தியது அம்மாவுக்கு நினைவுக்கு வந்தது.

இதற்கு முதலில் குளோனாசெபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தை 0.5 மில்லிகிராம் கொடுத்தார்கள். கத்தலும் குத்தலும் நன்றாக அடங்கின. ஆனால் காலையில் கால்கள் தள்ளாடின, மந்தமும் நீங்கவில்லை. விழுந்துவிடும் அபாயம் உள்ளவருக்கு அது பெரிய விலை என்பதே என் கருத்து. குறட்டையோடு மூச்சுத் தடைபடுபவர்களுக்கும் இம்மருந்து ஆகாது. பிறகு தூக்க ஹார்மோனான மெலடோனினை 3 மில்லிகிராமில் தொடங்கி, மருத்துவர் சொன்னபடி அளவை உயர்த்தினோம். முழுமையாக அடங்காவிட்டாலும் அடிபடுவது நின்றது. கட்டிலருகே இருந்த கண்ணாடி மேசையை அகற்றித் தரையில் ஒரு மெத்தையைப் போட்டு, அம்மாவின் படுக்கையைத் தள்ளி வைத்ததும் மருந்துக்கு இணையாக உதவியது.

நள்ளிரவுக்குப் பின் வரும் தொல்லை வேறு. பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே ஆகும். மாலையில் உண்ட மருந்தின் வேகம் தணிந்ததும் உடல் இறுகிவிடுவதால், அப்பாவால் புரண்டு படுக்க இயலாது, அம்மாவை எழுப்புவார். படுக்கும் முன் லெவோடோபாவை மெதுவாக வெளிவிடும் மாடோபார் எச்பிஎஸ் என்ற குளிகையைச் சேர்த்த பிறகு பெரும்பாலான இரவுகளில் அவர் தானாகப் புரள்கிறார். அந்தக் குளிகையை மெல்லவோ பிரிக்கவோ கூடாது. அது இரைப்பையில் மிதந்தபடி மருந்தைச் சிறிது சிறிதாக விடும் வகையில் செய்யப்பட்டது.

புரள்வதை எளிதாக்க பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய வழுவழுப்பான சாட்டின் துணிக்கு நான் மருந்துக்கு அடுத்த இடம் தருவேன். அம்மா அதைத் தோள் முதல் இடுப்பு வரை படும்படி மட்டும் விரிப்பின் நடுவே தைத்தார். குதிகால் படும் பகுதி பருத்தியாகவே இருப்பதால் காலை ஊன்றித் தள்ள முடிகிறது. விரிப்பு முழுவதும் சாட்டினாக இருந்தால் நோயாளி வழுக்கி விழக்கூடும். கைலி கால்களில் சுற்றிக்கொண்டு புரள்வதைத் தடுத்ததால், இரவில் தளர்வான அரைக்கால் சட்டைக்கு மாற்றினோம்.

சிறுநீருக்காக எழுவதைக் குறைக்க மாலைக்குப் பின் தேநீரை நிறுத்தி, கட்டிலருகே சிறுநீர்க் குப்பி வைத்தோம். எழ நேர்ந்தால், இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் என்பதால், கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்த பிறகே நிற்கச் சொல்கிறோம்.

தூக்கம் வர, ஒவ்வாமைக்கான பிரிட்டோன் மாத்திரையை வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நம் வட்டாரத்தில் உண்டு. முதிய பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அது மனக்குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கக்கூடும், தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். செலிஜிலின் என்ற பார்க்கின்சன் மருந்தை உண்பவர்கள் அதைக் காலையில் உண்கிறார்களா என்றும் பாருங்கள். உடலில் அது விழிப்பூட்டும் ஆம்ஃபெட்டமின் வகைப் பொருளாக மாறுவதால், மாலையில் உண்டால் உறக்கம் கெடும்.

பகல் தூக்கம்தான் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. பிரமிபெக்சோல் என்ற மற்றொரு பார்க்கின்சன் மருந்தை உண்ட காலத்தில் அப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே உறங்கிவிடுவார். இம்மருந்து முன்னறிவிப்பின்றித் தூக்கத்தில் ஆழ்த்தக்கூடியது என்பதால், மோட்டார் சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போவதை அன்றே நிறுத்தச் செய்தோம். நிபுணர் அளவைப் படிப்படியாகக் குறைத்த பின் நிலைமை தேறியிருக்கிறது. மதியத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் படுக்க விடாமல், வெயில் தணிந்ததும் அம்மா அவரைத் திடல்வரை நடக்க அழைத்துச் செல்கிறார்.