விவரிப்பிக் கசிவு: திறக்கும்போதே தடுப்பதா, பிறகு மூடுவதா?

லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில், ஓடும் நிரலை (செயல்முறையை) நகலெடுத்துச் சேயை உருவாக்கும் ஃபோர்க் அழைக்கப்பட்டதும், தாய்ச் செயல்முறையின் கோப்பு விவரிப்பிகள் (திறந்த கோப்பு, பைப், சாக்கெட் ஆகியவற்றைக் குறிக்கும் எண்கள்) அனைத்தும் சேய்க்கும் கிடைத்துவிடுகின்றன. எக்ஸெக் அழைப்பு சேயில் வேறொரு நிரலை ஏற்றிய பின்னும் அவை திறந்தே இருக்கின்றன. செயல்முறைகளுக்கிடையே தரவைக் கடத்தும் பைப்பின் எழுதும் முனை சேயிடம் தங்கிவிட்டால், படிக்கும் பக்கம் கோப்பு முடிவுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். சர்வரின் சாக்கெட் (பிணைய இணைப்பின் முனை) தங்கிவிட்டால், சர்வரை நிறுத்தியும் போர்ட் விடுபடாது.

பழைய வழி, கோப்பைத் திறந்த பிறகு, விவரிப்பியின் அமைப்பை மாற்றும் எஃப்சிஎன்டிஎல் அழைப்பு மூலம் எஃப்டி_குளோஎக்ஸெக் கொடியை இடுவது; எக்ஸெக் நிகழும்போது அந்த விவரிப்பியைத் தானாக மூடச் சொல்வது இக்கொடி. ஒற்றை இழை (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைத்தொடர்) கொண்ட நிரலில் இது போதும். பல இழைகள் ஓடும் நிரலிலோ, திறப்பதற்கும் கொடியிடுவதற்கும் நடுவிலுள்ள சிறு இடைவெளியில் மற்றோர் இழை ஃபோர்க்கும் எக்ஸெக்கும் செய்துவிட்டால் விவரிப்பி கசிந்துவிடும். எப்போதாவது மட்டுமே நிகழும் இப்பிழையைச் சோதனையில் பிடிப்பது அரிது. லினக்ஸ் 2.6.23-இல் வந்து, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலையான போசிக்ஸ் 2008-இலும் இடம்பெற்ற ஓ_குளோஎக்ஸெக், திறக்கும் அழைப்பிலேயே கொடியை இட்டு அந்த இடைவெளியை இல்லாமல் செய்கிறது. சாக்கெட்டுக்கு சாக்_குளோஎக்ஸெக், பைப்புக்கு பைப்2, இணைப்பை ஏற்க அக்செப்ட்4 என்று இதன் உறவுகளும் உண்டு. புதிதாக எழுதும் நிரலுக்கு என் தேர்வு இதுவே.

ஆனால் நாம் இணைக்கும் நூலகங்களும் இதே ஒழுங்கைப் பின்பற்றும் என்று நம்ப இயலாது. அதனால்தான் பலர் சேயில் எக்ஸெக்குக்கு முன் 3 முதல் விவரிப்பி எண்ணின் உச்ச வரம்பு வரை எல்லாவற்றையும் மூடுகிறார்கள் (0, 1, 2 ஆகியவை வழக்கமான உள்ளீடு, வெளியீடு, பிழை வெளியீட்டுக்கானவை). வரம்பு 1,024 ஆக இருந்த காலத்தில் அது சுமையில்லை. 10,48,576 ஆக இருக்கையில் ஒவ்வொரு சேய்க்கும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீண் அழைப்புகள் தேவைப்படும். வரம்பை நடுவில் குறைத்திருந்தால், அதற்கு மேலுள்ள எண்கள் மூடப்படாமலும் போகும். லினக்ஸ் 5.9-இல் வந்த குளோஸ்_ரேஞ்ச் இந்தச் சுற்றை ஒரே அழைப்பாக்கியது, லினக்ஸில் பரவலாகப் பயன்படும் சி நூலகமான ஜிலிப்சியில் 2.34 முதல் அதற்கு நேரடிச் சார்பும் உண்டு. ஆயினும் அது இரண்டாம் அரணே: நூலகம் தானே ஃபோர்க் செய்யும் இடத்தில் நம் குளோஸ்_ரேஞ்ச் ஓடுவதில்லை.

ஓ_குளோஎக்ஸெக்கிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு விவரிப்பியை நாம் சொல்லும் வேறோர் எண்ணுக்கு நகலெடுக்கும் டப்2 உருவாக்கும் நகலில் கொடி இராது என்பதால் சேயின் வெளியீட்டைத் திருப்புவது வழக்கமாக எளிது. ஆனால் மூல எண்ணும் இலக்கு எண்ணும் ஒன்றாக அமைந்தால் டப்2 எதையும் மாற்றாது, கொடி அப்படியே நின்று எக்ஸெக்கில் அந்த விவரிப்பி மூடப்பட்டுவிடும். அந்த ஒரு நிலையில் மட்டும் எஃப்சிஎன்டிஎல் கொண்டு கொடியை நீக்கியாக வேண்டும்.