குடும்பத்து மெயில்களைச் சொந்த டொமைனுக்கு மாற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது

அப்பாவின் ஜிமெயில் நிரம்பியபோதுதான் வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்தது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி மெயிலுக்கு மட்டுமல்ல, புகைப்படங்களுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். கூடுதல் இடம் வாங்கியிருக்கலாம். ஆனால் முகவரி நம் கையில் இருக்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. டொமைன், அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், நம்முடையதாக இருந்தால், நாளைக்கு நிறுவனத்தை மாற்றினாலும் முகவரி மாறாது. குடும்பப் பெயரில் ஒரு டாட் இன் டொமைன் வாங்கி, ஐந்து பேரும் ஸோஹோ மெயில் என்ற சேவைக்கு வந்தோம்.

அதன் இலவசத் திட்டத்தில் ஐந்து பேருக்கு ஆளுக்கு 5 ஜிபி உண்டு. ஆனால் மற்ற மெயில் செயலிகளிலும் பெட்டியைத் திறக்க உதவும் ஐமேப் வசதி கிடையாது. பிரவுசரிலோ அவர்களுடைய செயலியிலோதான் பார்க்க முடியும். அம்மா ஃபோனில் பழகிய மெயில் ஆப்பை விடமாட்டார், நான் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலியை விடமாட்டேன். அதனால் கட்டணத் திட்டமே எடுத்தோம்.

பழைய மெயில்களை ஐமேப் வழியாக நகலெடுப்பது ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகிற வேலைதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு மூன்று லேபிள் இருந்தால் ஐமேப்பில் அது மூன்று ஃபோல்டரில் தெரியும். "ஆல் மெயில்" ஃபோல்டரிலும் இன்னொரு தடவை வரும். அதை விலக்கிவிட்டு நகலெடுத்தால் இடம் மிச்சமாகும்.

டொமைனின் அமைப்புகள் இருக்கும் டிஎன்எஸ் பக்கம், மெயில் எங்கே வந்து சேர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளோடு நின்றுவிடக் கூடாது. மெயில் உண்மையிலேயே நம் டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று பெறுபவர் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் போடுங்கள். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புபவர்கள் எல்லோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம்மையும், மொத்தமாக அனுப்புபவர்களிடம் மூன்றையும் எதிர்பார்க்கின்றன. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம்; இரண்டு இருந்தால் சோதனையே தோற்றுவிடும்.

சரி, இதெல்லாம் சின்ன வேலை. பெரிய வேலை, பழைய முகவரியைக் கொடுத்து வைத்த இடங்களில் எல்லாம் புதியதைப் பதிவது. வங்கி, வருமான வரித் தளம், மியூச்சுவல் ஃபண்ட், எல்ஐசி, பிஎஃப், டிஜிலாக்கர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். பல இடங்களில் ஓடிபியோடு முடிந்துவிடும். அப்பாவின் கணக்கு இருக்கும் ஒரு வங்கியில் மட்டும் நேரில் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "பழைய பெட்டியை மூடிடாதடா, ஏதாவது முக்கியமா வந்துட்டா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கேட்டது நியாயம்தான்.

அதனால் பழைய பெட்டி எதையும் மூடவில்லை. எல்லாவற்றிலிருந்தும் ஃபார்வர்ட் போட்டு, அப்படி வருபவை "பழைய முகவரி" என்ற தனி ஃபோல்டரில் விழும்படி ஃபில்டர் வைத்தேன். அதில் எது வந்து விழுகிறதோ, அந்த இடத்தில் இன்னும் முகவரி மாற்றவில்லை என்று அர்த்தம். இந்த மாற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். வண்டி இன்ஷூரன்ஸ், சொத்து வரி போன்றவை வருடத்துக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்க்கும், ஆகவே ஒரு வருடமாவது அந்த ஃபோல்டரைப் பார்த்து வர வேண்டும். ஜிமெயில் தன் ஸ்பேமில் தள்ளியதை ஃபார்வர்ட் செய்யாது. அவ்வப்போது உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது. இரண்டு வருடம் யாரும் நுழையாத கணக்கை கூகுள் நீக்கவும் செய்யலாம். அதற்காகவும் உள்ளே போய்வர வேண்டியிருக்கிறது.

இப்போது எங்கள் ஃபோல்டர் கிட்டத்தட்டக் காலி. அம்மாவுக்கு மாறியதே மறந்துவிட்டது.

இன்னொரு விஷயம். டொமைன் காலாவதியானால் ஐந்து பேரின் மெயிலும் சேர்ந்தே நின்றுவிடும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கிவிட்டு, சில வருடங்களுக்குச் சேர்த்தே பணம் கட்டியிருக்கிறேன். டொமைன் வாங்கிய தளத்தில் தொடர்பு முகவரியாக அதே டொமைனைக் கொடுக்கவில்லை, என் பழைய ஜிமெயில்தான் அங்கே இருக்கிறது. கடவுச்சொல் என் மனைவிக்கும் தெரியும்.