உரிமம் இருக்கிறது, பந்தயம் எங்கே? நாஸ்கார் கேம்களோடு சில ஆண்டுகள்

நாஸ்கார் என்பது அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயம், அதாவது சாதாரண காரின் தோற்றத்தில் செய்த பந்தயக் கார்கள் ஓடுவது. அதன் வீடியோ கேம்களில் எது வாங்கலாம் என்று யாராவது கேட்டால், விபத்து நடந்து வேகம் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடி விழும்போது அந்த கேம் என்ன செய்கிறது என்று பார்த்தீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி. கிராபிக்ஸ், கார்களின் எண்ணிக்கை எல்லாம் அப்புறம். ஃபார்முலா 1 கேம் ஆடிப் பழகியவர்களுக்கு இது சில்லறை விஷயமாகத் தோன்றும். ஸ்டாக் கார் பந்தயத்தில் பாதி ஆட்டமே அங்கேதான் நடக்கிறது.

பிரிஸ்டல் ஓவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று 0.533 மைல்தான். அதற்குள் 36-க்குக் குறையாத கார்கள். ஒருவர் சுழன்று நின்றால் மஞ்சள் கொடி, உடனே எல்லோரையும் மெதுவாக வழிநடத்தும் பேஸ் கார். டயர் மாற்ற ஒதுங்கும் பிட் பாதை முதலில் மூடப்படும். கார்கள் வரிசையில் சேர்ந்த பிறகு திறக்கும். முதல் ஆளோடு ஒரே சுற்றில் இருப்பவர்கள் முதலில் பிட்டுக்குள் போகலாம், சுற்று பின்தங்கியவர்களுக்கு அடுத்த முறைதான். பின்தங்கியவர்களில் முன்னால் இருப்பவருக்கு ஒரு சுற்று இலவசமாகத் திரும்பக் கிடைக்கும், அவருக்கு 'லக்கி டாக்' என்று பெயர். பிட்டுக்குப் போகாமல் இருந்த பின்தங்கிய கார்கள் பேஸ் காரைக் கடந்து சுற்றி வந்து வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம். உள்பக்க வரிசையா, வெளிப்பக்க வரிசையா என்று ஓட்டுநரே தேர்ந்தெடுக்கும் விதி 2020-இல் வந்து சேர்ந்தது. இவ்வளவும் முடிந்து கார்கள் இரண்டிரண்டாக நிற்கும்போது, புது டயர் போட்டவன் பன்னிரண்டாவது இடத்தில் இருப்பான், தேய்ந்த டயரோடு தடத்திலேயே இருந்துவிட்டவன் முதலிடத்தில் இருப்பான். கடைசிப் பத்துச் சுற்றில் யார் யாரை எங்கே பிடிப்பார்கள் என்பதுதான் ஆட்டம்.

இதில் ஒரே ஒரு விதியை கேம் தப்பாகக் கணக்குப் போட்டாலும் அதுவரை ஓட்டியதெல்லாம் வீண். நூறு சுற்று பொறுமையாக டயரைக் காப்பாற்றி ஓட்டியதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். ஸ்டாக் கார் கேம்களில் வரும் குறைகள் ரசிகர்களை இவ்வளவு கொதிக்க வைப்பது இதனால்தான்.

'நாஸ்கார் 21: இக்னிஷன்' வந்தபோது நடந்தது அதுதான். மயாமியைச் சேர்ந்த மோட்டார்ஸ்போர்ட் கேம்ஸ் நிறுவனம் 2021 அக்டோபர் 28 அன்று அதை வெளியிட்டது. காரின் இயக்கத்துக்கு ஆர்ஃபேக்டர் 2 என்ற பந்தய சிமுலேஷனின் தொழில்நுட்பம், காட்சிக்கு அன்ரியல் எஞ்சின் என்ற மென்பொருள் என்று சொல்லியிருந்தார்கள். ஆர்ஃபேக்டர் 2 என்றால் டயர் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்குப் பேர்போனது. சிமுலேஷன் ஆடுகிறவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியது உண்மை. வெளியான வாரத்திலேயே கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் மதிப்புரைகள் பெரும்பாலும் எதிர்மறையாகக் குவிந்தன. கணினி ஓட்டும் கார்கள் காரணமே இல்லாமல் சுவரில் போய் மோதுவதையும், மஞ்சள் கொடியில் வரிசை குழம்புவதையும், ஓடி முடித்த பந்தயம் முடிவுப் பட்டியலில் தப்பாக ஏறுவதையும் வாங்கியவர்கள் வீடியோ எடுத்துப் போட்டார்கள். சில காட்சிகள் சிரிப்பாகவே இருக்கும். காசு கொடுத்து வாங்கியவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

இந்த நிரல் பிழைகள் ஒரு பக்கம் இருக்கட்டும், உள்ளே இருந்ததே குறைவு. முந்தைய 'ஹீட் 5'-இல், அது 2020 ஜூலையில் வந்தது, நாஸ்காரின் உச்சமான கப் தொடரோடு, அதற்குக் கீழே உள்ள எக்ஸ்ஃபினிட்டி, ட்ரக் தொடர்கள், மண் தடப் பந்தயம் என்று நான்கு வகை இருந்தன. கீழிருந்து ஏறி மேலே வரலாம். இக்னிஷனில் கப் தொடர் மட்டும்தான். பிஎஸ்5 கடைகளுக்கு வந்து ஓராண்டு ஆகப்போகும் நேரத்தில், பிஎஸ்4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் பிசிக்கும்தான் வெளியிட்டார்கள்.

ட்ரக் தொடர் இல்லாததில் எனக்குத் தனி வருத்தம். 2010-இல் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் மார்ட்டின்ஸ்வில்லில் ட்ரக் தொடரில் இறங்கி 13-ஆவதாக முடித்தார். நாஸ்காரின் தேசியத் தொடரில் இந்தியாவில் பிறந்த ஒருவர் ஓட்டியது அதுதான் முதல் முறை. அந்த ஆண்டு ரசிகர்கள் ஓட்டுப் போட்டு, அந்தத் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதையும் அவருக்குக் கொடுத்தார்கள். ஹீட் 5-இல் ட்ரக்கை எடுத்து மார்ட்டின்ஸ்வில்லில் ஓட்டும்போது எனக்கு அந்த நினைப்பு வராமல் இருந்ததில்லை. நீளமான இரண்டு நேர் தடம், இரண்டு இறுக்கமான வளைவு, ஒரு சுற்று 0.526 மைல். பிரேக் சூடாகும், பொறுமை போகும். அருமையான தடம்.

இக்னிஷனில் உண்மையாகவே நன்றாக இருந்தது கார் வண்ணம் தீட்டும் பகுதி. கேமை விமர்சித்தவர்கள்கூட அதை ஒப்புக்கொண்டார்கள். பந்தயம் ஓட்டுவதைவிட வண்ணம் தீட்டுவதில் நேரம் போகிறது என்று ஒரு ரேசிங் கேமைப் பற்றிச் சொல்வது பாராட்டா என்பது வேறு கேள்வி.

பிறகு குறைகளைத் திருத்தும் பேட்ச் மேல் பேட்ச் வந்தது. 2022-இல் நாஸ்கார் தன் காரையே மாற்றியது. ஐந்து நட்டு போட்ட சக்கரம் போய் நடுவில் ஒற்றை நட்டு வந்தது, கதவு நடுவில் இருந்த எண் முன் சக்கரத்தை நோக்கி நகர்ந்தது. டிவியில் ஒரு காரும் கேமில் வேறு காரும் என்று பல மாதம் ஓடியது. அக்டோபரில்தான் அந்தப் புதிய கார் இக்னிஷனுக்கு இலவச அப்டேட்டாக வந்தது. சீசன் முடிய ஒரு மாதம் இருக்கும்போது. அதே மாதம் நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலுக்கு 'நாஸ்கார் ரைவல்ஸ்' வந்தது. பெரிய கன்சோல்களுக்கும் பிசிக்கும் அந்த ஆண்டு புது கேம் கிடையாது.

சரி, குறையுள்ள கேம்கள் எத்தனையோ வருகின்றன. ஒன்று பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றை எடுத்து ஆட வேண்டியதுதானே? இங்கே அது முடியாது. உரிமம் ஒரே கையில். நாஸ்கார் பெயர், அணிகள், ஓட்டுநர்கள் எல்லாம் கொண்ட கன்சோல் கேம் வேண்டுமென்றால் ஒரே கடைதான். அந்தக் கடையில் சோறு குழைந்திருந்தால் பட்டினிதான். ரசிகர்களின் கோபத்தில் பாதி இந்த ஏற்பாட்டின் மேல் என்பது என் கணிப்பு.

இந்தக் கதை இக்னிஷனோடு தொடங்கியதும் இல்லை. மாசசூசெட்ஸில் பாப்பிரஸ் என்று ஒரு சிறிய குழு இருந்தது. 1990-களில் இருந்தே நாஸ்கார் சிமுலேஷன் செய்துவந்தார்கள். 2003-இல் வந்த 'நாஸ்கார் ரேசிங் 2003 சீசன்' அவர்களுடைய கடைசி கேம். ஏன் கடைசி என்றால், 2004 முதல் நாஸ்கார் உரிமம் முழுக்க இஏ நிறுவனத்துக்குப் போய்விட்டது. பாப்பிரஸ் மூடப்பட்டது. இஏ தன் 'நாஸ்கார் 09' வரை செய்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. பிறகு 2011-இல் பிரிட்டனின் யூடெக்னிக்ஸ், 2016-இல் ஹீட் வரிசை, அப்புறம் மோட்டார்ஸ்போர்ட் கேம்ஸ். உரிமம் கை மாறும்போதெல்லாம் ஏறக்குறைய அடிப்படையிலிருந்து மறுபடி எழுதத் தொடங்குகிறார்கள். மஞ்சள் கொடி விதிகளையும்தான்.

என் கணினியில் அதிக நாள் தங்கியிருப்பது அந்த 2003 கேம்தான். இதை ஏதோ பழசின் மேல் உள்ள பாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆடிப் பாருங்கள். காரின் முன்பக்க கிரில்லில் டேப் ஒட்டும் அமைப்பு இருக்கிறது. டேப் அதிகமானால் காற்று உள்ளே போகாமல் மேலே போகும், முன்பக்கப் பிடிப்பு கூடும், வளைவில் மூக்கு நன்றாகத் திரும்பும். கூடவே எஞ்சின் சூடேறும். தனியாக ஓடும்போது தாங்கும். டல்லடேகா தடத்தில் இன்னொரு காரின் பின்னால் ஒட்டி ஓடும்போது காற்றே வராது, வெப்பநிலை முள் ஏற ஆரம்பிக்கும். முன்னால் இருப்பவனின் இழுவையில் வேகம் கிடைக்கிறது, எஞ்சினோ வேகிறது. கொஞ்சம் வெளியே மூக்கை நீட்டிக் காற்று வாங்கிவிட்டு மறுபடி உள்ளே வர வேண்டும். அந்த ஒரு நொடியில் பின்னால் வருகிறவன் உங்கள் இடத்தை எடுத்துவிடலாம். 2.66 மைல் நீளமும் 33 டிகிரி சாய்வும் கொண்ட தடத்தில், மிதியை முழுக்க அழுத்தியபடி, பிரேக்கைத் தொடாமல் இவ்வளவு யோசிக்க வைக்கிறது கேம். 43 கார்கள் ஒன்றாக ஓடுகின்றன, கணினி ஓட்டும் கார்கள் வழி விட வேண்டிய இடத்தில் விடுகின்றன, விடக் கூடாத இடத்தில் விடுவதில்லை.

கிராபிக்ஸ் பழசுதான். புது விண்டோஸில் ஓட வைக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஆனால் ரசிகர்களே புதுப் புது சீசன்களின் கார்களையும் தடங்களையும் வரைந்து ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். உரிமம் இழந்த கேமில் நடப்பு ஆண்டுக் கார் ஓடுகிறது, உரிமம் வைத்திருந்த கேமில் அதே காருக்காக அக்டோபர் வரை காத்திருந்தார்கள்.

பாப்பிரஸை நிறுவியவர்களில் ஒருவரான டேவ் கேமர் 2004-இல், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் உரிமையாளர் ஜான் ஹென்றியோடு சேர்ந்து ஐரேசிங் என்ற ஆன்லைன் பந்தய சிமுலேஷனைத் தொடங்கினார். 2008-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஆன்லைனில் ஸ்டாக் கார் ஓட்ட இதைவிடச் சிறந்தது இல்லை. 2024-இலும் 2025-இலும் டேட்டோனா 500 பந்தயத்தை ஜெயித்த நாஸ்கார் ஓட்டுநர் வில்லியம் பைரன் ஓட்டக் கற்றுக்கொண்டதே இதில்தான். பிரச்சினை பர்ஸ். சந்தா தனி, காருக்குத் தனி, தடத்துக்குத் தனி. அமெரிக்காவுக்கு வெகு தொலைவில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஓவலில் முன் காரின் பம்பரில் அங்குலக் கணக்கில் ஒட்டி ஓட வேண்டும். அமெரிக்க சர்வருக்குத் தகவல் போய்வரும் தாமதத்தில், உங்கள் திரையில் இடிக்காத கார் அவர் திரையில் இடித்திருக்கும். பந்தயமும் அங்கே ஞாயிறு பிற்பகல், நமக்குத் திங்கள் விடியற்காலை. ஆசை இருக்கிறவர்கள் முதலில் சின்ன ஓவல்களில் ஓட்டிப் பார்த்துவிட்டு பெரிய தடங்களை வாங்கலாம்.

ஆன்லைனைப் பற்றிச் சொல்லும்போது சுவர் உரசிகளைச் சொல்லியாக வேண்டும். கடைசி வளைவில் பிரேக் போடாமல் வெளிச்சுவரில் காரைச் சாய்த்து, சுவரே திருப்பிவிடும் என்று முழு வேகத்தில் போகிறவர்கள். சேதத்தைச் சரியாகக் கணக்கிடாத கேம்களில் இது காலம் காலமாக இருக்கும் குறுக்கு வழி. 2022 அக்டோபர் 30 அன்று மார்ட்டின்ஸ்வில்லில் நாஸ்கார் ஓட்டுநர் ராஸ் சாஸ்டெய்ன் இதை நிஜக் காரில் செய்தார்! கடைசிச் சுற்றில் ஐந்து கார்களைத் தாண்டி, இறுதிப் போட்டிக்கான இடத்தைப் பிடித்தார். சின்ன வயதில் கேம்கியூபில் நாஸ்கார் 2005 ஆடியபோது செய்த வேலை என்று அவரே சொன்னார். அடுத்த சீசன் தொடங்கும் முன்பே நாஸ்கார் இதற்குத் தண்டனை உண்டு என்று அறிவித்துவிட்டது. கேம் எழுதுகிறவர்கள் பல ஆண்டுகளாக அடைக்காத ஓட்டையை நாஸ்கார் மூன்று மாதத்தில் அடைத்தது.

2023 அக்டோபரில் மோட்டார்ஸ்போர்ட் கேம்ஸ் நாஸ்கார் உரிமத்தை ஐரேசிங்குக்கு விற்றது. ஹீட் வரிசையின் முதல் கேமைச் செய்த மான்ஸ்டர் கேம்ஸையும் ஐரேசிங் அதற்கு முன்பே வாங்கியிருந்தது. இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டு, 2025 அக்டோபர் 14 அன்று 'நாஸ்கார் 25'-ஐ பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கு வெளியிட்டார்கள். பிசிக்கு நவம்பரில் வந்தது. கப், எக்ஸ்ஃபினிட்டி, ட்ரக் மூன்றும் இருக்கின்றன, கீழே ஆர்கா தொடரும் சேர்ந்திருக்கிறது. ட்ரக் திரும்பி வந்ததே எனக்குப் பெரிய விஷயம். இப்போதைக்கு யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் உரிமம் இப்போதும் ஒரே கையில்தான் இருக்கிறது. திறமையான கை என்பது வேறு விஷயம்.

பழைய கேம்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார்ஸ்போர்ட் கேம்ஸ் தன் நாஸ்கார் கேம்களை விற்க இருந்த அனுமதி 2024 டிசம்பர் 31 வரைதான். ஆகையால் இக்னிஷனோ ஹீட் 5-ஓ இனி பழைய டிஸ்க்காகத்தான் கைக்கு வரும். ஹீட் 5 மலிவாகக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், ட்ரக்குக்காகவும் மண் தடத்துக்காகவும் கொடுத்த காசுக்குத் தகும். இக்னிஷன் டிஸ்க்கில் இருப்பது 2021 காரும் திருத்தப்படாத முதல் வடிவமும்தான். திருத்தங்கள் எல்லாம் பிறகு இணையம் வழியாக வந்தவை. வாங்குவதானால் அன்றே கன்சோலை இணையத்தில் இணைத்து எல்லா அப்டேட்டையும் இறக்கி வைத்துவிடுங்கள்.